பற்பசைக் குழாயில் செய்த கவசக் கார்

துண்டு துண்டாக ஒட்டி பிளாஸ்டிக் பொம்மைக் கார் கட்டுகிறவர்களுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: பசை காய்கிற வரைக்கும் யாரும் வந்து கூப்பிடக் கூடாது. நானோ எஸ்டேட் மிட்வைஃப், பிரசவம் பார்க்கிறவள், எல்லோருக்கும் 'மிஸ்ஸி'. என்னைக் கூப்பிடாத நேரம் என்று ஒன்று கிடையாது.

உங்களில் சிலருக்கும் இந்தப் பழக்கம் இருக்கும். பசை ஈரமாக இருக்கும்போது தொட்டுவிட்டு, காரின் கூரையில் தங்கள் கைரேகையை ஆயுசுக்கும் பதித்து வைத்தவர்கள் இருப்பீர்கள். கடுகளவு விளக்கு ஒன்று கீழே விழுந்ததும், மூச்சைப் பிடித்துக்கொண்டு தரையில் தவழ்ந்து தேடியவர்கள் இருப்பீர்கள். வீட்டில் திட்டு வாங்கும் உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு இது பிடித்துக்கொண்டது மலாயாவில் வெள்ளைக்காரன் ஆட்சியில் வந்த அவசரகாலத்தில். கெமாஸ் பக்கம் ஒரு ரப்பர் எஸ்டேட். காட்டில் கம்யூனிஸ்டுகள் இருந்தார்கள். அவர்களுக்கு ஒரு பிடி அரிசிகூடப் போய்விடக் கூடாது என்று எங்கள் தொழிலாளர் லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டு, ஒரே ஒரு கேட் வைத்து, அதில் ஸ்பெஷல் கான்ஸ்டபிள்களை நிறுத்தியிருந்தார்கள். உள்ளே போனாலும் தட்டிப் பார்ப்பார்கள், வெளியே வந்தாலும் தட்டிப் பார்ப்பார்கள், ஐ.சி. என்கிற அடையாள அட்டையைக் கேட்பார்கள். அந்த வேலிக்குள் உட்கார்ந்து நான் கார் கட்டினேன்.

எத்தனை வயசு?

என் வீடு சிரம்பானை ஒட்டிய ராசா என்ற ஊரில். லீவுக்குப் போயிருந்தபோது, அம்மாவுக்குத் தையல் நூல் வாங்க சிரம்பானில் சில்லறைச் சாமானும் விற்கிற ஒரு புத்தகக் கடைக்குள் போனேன். நூலுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் பை தொங்கியது. உள்ளே சிவப்பாக, மீன் முள் மாதிரி ஒரு சட்டம். அதில் சக்கரம், கதவு, ஸ்டியரிங் எல்லாம் தனித்தனியாக முளைத்திருந்தன. பையின் மேல் அட்டையில் அந்தக் காலத்துத் திறந்த கார் ஒன்றின் படம். இத்தனை சில்லறைச் சாமானும் சேர்ந்து அந்தக் காராக ஆகுமா? நூலை மறந்துவிட்டேன்.

கடைக்காரர் கேட்டார், "தம்பிக்கா?" "இல்லை, எனக்கு" என்றேன். அவர் காதில் அது ஏறவில்லை. "பையனுக்கு எத்தனை வயசு?" என்றார். சரி, போகட்டும் என்று என் வயதையே சொன்னேன். "இருபத்து நாலு." அவர் பையைக் கழற்றி, கூடவே பசை டியூப் ஒன்றையும் எடுத்து வைத்துவிட்டு நிம்மதியாகச் சொன்னார்: "அப்ப சரிம்மா. பசையை எடுத்து வாயில வைக்க மாட்டான்."

கேட்டில் ஒரு தொழிற்சாலை

லீவு முடிந்து எஸ்டேட் கேட்டில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். அன்று காவலில் அஜிஸ். எங்களோடு இருந்து இருந்து தமிழ் பழகிவிட்ட மலாய்க்கார கான்ஸ்டபிள். பையைத் திறந்து பார்த்தவர் முகம் மாறியது. சின்னச் சின்ன சக்கரம், கம்பி, வாசனை அடிக்கிற டியூப். "இது என்னா மிஸ்ஸி?" "கார்." "கார் எங்க?" "இனிமேல்தான் கட்டணும்." "வெடிக்கிற சாமான் இல்லன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. நான் அங்கேயே, சோதனை மேசையிலேயே உட்கார்ந்தேன். ஊசிப் பையிலிருந்து கத்தரியை எடுத்து ஒவ்வொரு துண்டாக நறுக்கி ஒட்ட ஆரம்பித்தேன். எனக்குப் பின்னால் நின்றவர்கள் முதலில் முணுமுணுத்தார்கள். நாலு சக்கரமும் ஏறியதும் வரிசை கலைந்து மேசையைச் சுற்றிக்கொண்டது. "அந்தக் கண்ணாடி மேலே வரும் மிஸ்ஸி!" "இல்லலா, அது விளக்கு!" ஆளுக்கு ஒரு யோசனை. ஊரடங்கு மணி அடிக்கப்போகிற நேரத்தில் ஸ்டியரிங்கைச் சொருகி, காரை மேசையில் லேசாகத் தள்ளினேன். உருண்டது! எல்லோரும் கை தட்டினார்கள். அஜிஸ் குனிந்து காரின் அடியைப் பார்த்தார், நிமிர்ந்தார், முறைப்பாகச் சொன்னார்: "கார் உள்ள போலாம். டிரைவர் மட்டும் ஐ.சி. காட்டணும்."

பச்சை

அடுத்த தடவை பெயிண்ட் வாங்கி வந்தேன். கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு குட்டி டின், கரும்பச்சை. அந்த நாளில் கடையில் விற்கிற சாப்பாட்டு டின்களை ஓட்டை போட்டுத்தான் கொடுப்பார்கள். ஓட்டை விழுந்த டின்னைக் காட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்து வைக்க முடியாதல்லவா? அஜிஸுக்கு டின் என்றாலே கை பரபரக்கும். நான் "அது பெயிண்ட்" என்று சொல்லி முடிப்பதற்குள் ஆணியை வைத்து ஒரு குத்து குத்திவிட்டார்.

வெயிலில் பஸ்ஸில் வந்த டின். பச்சை அவர் சட்டையில் பீறிட்டது, பெல்ட்டில் வடிந்தது, மீசையில் ஒரு சொட்டு நின்றது. வரிசையில் ஒருவரும் சிரிக்கவில்லை. துப்பாக்கி வைத்திருக்கிறவரைப் பார்த்து யார் சிரிப்பது? அவர் டின்னை என்னிடம் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். "சோறு இல்ல. நல்லாத் தெரியுது."

இடுக்கி

மிச்சமிருந்த பச்சையைக் காய்வதற்குள் பயன்படுத்திவிட வேண்டும் என்ற அவசரத்தில், ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பூச ஆஸ்பத்திரி இடுக்கியை எடுத்துவிட்டேன். எஸ்டேட் ஆஸ்பத்திரியில் டாக்டருக்குப் பதில் மருந்து கொடுக்கிற எங்கள் டிரெஸ்ஸர் யாழ்ப்பாணத்துக்காரர். தினமும் காலையில் வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு, கருவிகளைத் தட்டில் வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பது அவர் வழக்கம். அன்று இடுக்கியின் நுனியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஜன்னலோரம் காய்ந்துகொண்டிருந்த காரைப் பார்த்தார்.

திட்டுவார் என்று நின்றேன். அவர் திட்டுகிறவர் இல்லை. அலமாரியைத் திறந்து, பல் தேய்ந்துபோய் ஒதுக்கி வைத்திருந்த பழைய இடுக்கி ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். பிறகு சொன்னார்: "பிள்ளை, நாளைக்கு இந்த நல்ல இடுக்கியால நான் ஒருத்தன்ர காலில முள்ளெடுக்க வேணும். அவன்ர கால் பச்சையாப் போச்சுதெண்டா, என்ன வருத்தமெண்டு நோயாளி சீட்டில எழுதுறது?"

அம்மை

பச்சை முடிந்தது. அடுத்த காருக்கு என் நகப்பூச்சை எடுத்துக் கூரையில் தடவினேன். அனுபவப்பட்டவர்கள் இதைப் படிக்கும்போதே கண்ணை மூடியிருப்பீர்கள். எனக்கு அப்போது தெரியாது. நகப்பூச்சு பிளாஸ்டிக்கைத் தின்னும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே வழவழவென்று இருந்த கூரை பால் ஏடு மாதிரி சுருங்கி, கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. பாதியழுகையில் உட்கார்ந்திருந்தேன்.

அப்போது செல்லம்மா வந்தாள். எஸ்டேட் மேனேஜரான வெள்ளைக்காரப் பெரிய துரையின் கார் டிரைவர் முத்தையா அண்ணனின் மனைவி. முதல் பிள்ளை வயிற்றில். மாதச் சோதனைக்கு வந்தவள், என் முகத்தைப் பார்த்துப் பயந்துபோய், பிறகு மேசையில் இருந்ததைப் பார்த்தாள். கன்னத்தில் கை வைத்துக்கொண்டு ரொம்ப அக்கறையாகச் சொன்னாள்: "அய்யோ மிஸ்ஸி, காருக்கு அம்மை போட்டிருக்கு. பக்கத்துல ரெண்டு வேப்பிலை வைங்க."

(அந்தக் கூரையை உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து மீட்டேன். முழங்கை வலி ஒரு வாரம் போகவில்லை.)

துரையின் கார்

கேட்டில் கார் கட்டிய கதை துரை பங்களா வரைக்கும் போய்விட்டது. ஒருநாள் பெரிய துரை ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றார். கையில் ஓர் அட்டைப் பெட்டி, சிங்கப்பூரில் வாங்கியது. உள்ளே மூடிய கார் ஒன்றின் துண்டுகள். அவருடைய காரின் சாயல் அதில் இருந்தது. சீமையில் படிக்கிற அவர் மகள், அப்பா எந்தக் காரில் போய்வருகிறார் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாளாம். அனுப்ப வேண்டுமாம். "இரும்பு எல்லாம் வெச்சு செய், மிஸ்ஸி. இருக்குற மாதிரியே. அழகு வேணாம்" என்றார்.

அந்தக் காலத்தில் துரைமார் கார்களுக்கு இரும்புத் தகடு அடித்திருப்பார்கள். ரப்பர் காட்டுப் பாதையில் எந்த வளைவில் கம்யூனிஸ்டுகள் சுடுவார்கள் என்று தெரியாது. எனக்கு சந்தோஷம் தாங்கவில்லை. தகட்டுக்கு என்ன செய்வது? தீர்ந்துபோன பற்பசைக் குழாய்களை லயம் முழுக்கச் சொல்லி வாங்கினேன். வெட்டி, விரித்து, பாட்டிலை உருட்டித் தட்டையாக்கினேன். பின்பக்கமிருந்து ஊசியால் லேசாக அழுத்தினால் முன்பக்கம் ஆணித் தலைகள் எழும்பும். முதல் தகட்டில் அந்த ஆணிகள் வரிசையாக எழும்பியபோது நான் தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

அளவெடுக்கக் கார் கொட்டகைக்கு நூலோடு போனேன். முத்தையா அண்ணன் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். முன் கண்ணாடிக்கு நடுவில் பிளவு வைத்த தகடு. துரை உட்காரும் இடது பக்கம் தகடு. பின்னால் தகடு. வலது பக்கம் பின் கதவில் தகடு. டிரைவர் கதவுக்கு வந்தபோது வெறும் போல்ட் துளைகள்தான் இருந்தன. "இங்கே?" என்றேன். "கனம் தாங்காம கதவு தொங்கிடுச்சு மிஸ்ஸி. கழட்டி வெச்சாங்க, பொறவு மாட்டலாம்னாங்க. அது ஆச்சு, ஒரு தீபாவளி." நூலைச் சுருட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தினார்: "செல்லம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. சுத்தி இரும்புன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

மறந்துட்டீங்களா?

இருக்கிறபடியே செய்தேன். டிரைவர் கதவில் ஊசியால் துளைகளை மட்டும் போட்டேன். வேலை அவ்வளவு நன்றாக வந்திருந்தது. அதை ஜன்னலில் வைத்துவிட்டு, தள்ளிப்போய் நின்று பார்ப்பேன், கிட்டே போய்ப் பார்ப்பேன். செல்லம்மா சோதனைக்கு வரும் நாள் அதுதான் என்பது என் புத்தியில் இல்லவே இல்லை.

அவள் கையில் பிரஷர் பட்டையைக் கட்டிக்கொண்டிருந்தேன். அவள் ஜன்னலைப் பார்த்தாள். "மிஸ்ஸி! இது அவரு ஓட்டற காருதானே! அய்யோ, ஆணிகூட இருக்கே!" இன்னொரு கையால் எட்டி அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். துரை இடத்தைப் பார்த்தாள். பிறகு தன் வீட்டுக்காரர் இடத்தைத் தேடினாள். விரல் அந்தக் கதவில் நின்றது. "இங்க ஒட்ட மறந்துட்டீங்களா மிஸ்ஸி? ஓட்டை மட்டும் இருக்கு."

ஆமாம், மறந்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அண்ணனுக்கு நான் வாக்குக் கொடுக்காவிட்டாலும் தலையாட்டியிருந்தேன். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதை நம்பி அவள் தினமும் சோறு பொங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று தெரிந்துகொண்டு, அந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல எனக்கு வரவில்லை. பிரஷர் பட்டையின் பந்தை இன்னும் ஒருமுறை அமுக்கினேன். அது போதும், அவளுக்குப் புரிந்துவிட்டது. பட்டையைத் தானே பிரித்து எடுத்தாள். கோபமில்லை, அழுகையில்லை. மெதுவாகக் கேட்டாள்: "அப்ப, தெனமும் அந்த மனுசன் வெறும் தகரத்துக்குப் பின்னாலதான் உக்காந்து போறாரா?"

பின் சீட்டு

காரைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாள். வயிற்றுப் பிள்ளைக்காரி அப்படி நடந்து நான் பார்த்ததில்லை. நான் செருப்புகூடப் போடாமல் பின்னால் ஓடினேன். ஆபீஸ் வாசலில் கார் தயாராக நின்றது. கெமாஸ் ரயிலடிக்குப் போக வேண்டிய நாள். முத்தையா அண்ணன் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார். செல்லம்மா பொம்மைக் காரை பானட்டின் மேல் வைத்துவிட்டு, டிரைவர் கதவுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ஏய், எழுந்திரு, தொரை வர்றாரு!" "வரட்டும்." "மானம் போவுது, எழுந்திரு!" "உசிரு போறதுக்கு மானம் போவட்டும்." ஆபீசில் கணக்கெழுதும் கிராணிகள் எல்லாம் ஜன்னலுக்கு வந்துவிட்டார்கள். என் வேலை இன்றோடு போயிற்று என்று நினைத்தேன். ஆனாலும் உள்ளே ஒரு துடிப்பு. இந்தப் பெண் எழுந்துவிடக் கூடாதே, எழுந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டே நின்றேன்.

துரை வந்தார். முதலில் பொம்மையைப் பார்த்தார், முகம் மலர்ந்தது. திருப்பிப் பார்த்தார். "மிஸ்ஸி, இங்க தப்பு." "தப்பில்லைங்க தொரை. இருக்கிற மாதிரிதான்" என்றேன். அவர் பொம்மையைக் கையில் வைத்தபடியே காரைச் சுற்றிக்கொண்டு வந்து, அந்தக் கதவின் முன்னால் நின்றார். துளை ஒன்றில் விரலை விட்டுப் பார்த்தார். "நான் எப்பவும் அந்தப் பக்கம் ஏறுறேன்" என்றார், தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல.

பிறகு நடந்ததை நான் பார்த்திராவிட்டால் நம்பியிருக்க மாட்டேன். அண்ணனிடமிருந்து சாவியை வாங்கினார். பின் கதவைத் திறந்து, அவரை உள்ளே, இரும்புக்குப் பின்னால் உட்காரச் சொன்னார். செல்லம்மா எழுந்து வழிவிட்டாள். துரை தானே ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கிளம்பினார். கேட்டில் அஜிஸ் விறைப்பாக சல்யூட் அடித்தார். அடித்த பிறகுதான் பின் சீட்டில் யார் என்று பார்த்தார். எஸ்டேட்டே அன்று வேலை செய்யவில்லை, அதைப் பற்றியே பேசியது. அவர்கள் பத்திரமாகத் திரும்பி வந்த பிறகு, இந்தக் கூத்து எப்படி இருந்தது என்று செல்லம்மாவைக் கேட்டேன். அலுத்துக்கொண்டாள்: "ஒரு நாள் பின் சீட்டுல உக்காந்ததுக்கு, வூட்டுக்கு வந்தும் எறங்க மாட்டேங்கறாரு மிஸ்ஸி. தண்ணிகூட நான்தான் மொண்டு தரணுமாம்."

இதுலயும்

அடுத்த நாளே பட்டறையில் தடிமனான கீல் அடித்து, டிரைவர் கதவுக்குத் தகடு ஏற்றினார்கள். கதவைத் திறக்க அண்ணனுக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. மேட்டில் கார் முக்கி முனகியது. என்மேல் கோபமா என்று அவரைக் கேட்டேன். "நீங்க எங்க மிஸ்ஸி சொன்னீங்க? பொம்மைதானே சொல்லுச்சு" என்று சிரித்தார்.

பொம்மையை அப்படியே அனுப்பிவிடலாம் என்று பஞ்சு சுற்றிக்கொண்டிருந்தேன். செல்லம்மா வந்து தடுத்தாள். முந்தானை முடிச்சிலிருந்து காலியான பற்பசைக் குழாய் ஒன்றை எடுத்து நீட்டினாள். "இதுலயும் ஒட்டிடுங்க மிஸ்ஸி. அப்பா காரை ஓட்டறவருக்கும் இரும்பு இருக்குன்னு அந்தப் பொண்ணுக்குத் தெரியட்டும்."

முதல் வெட்டு

செல்லம்மாவின் மகள் தவழ ஆரம்பித்த சமயம், எங்கள் பக்கம் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார்கள். ஊரடங்கு இல்லை, கேட்டில் சோதனை இல்லை. காரிலிருந்து தகடுகளைக் கழற்றினார்கள். வெயிட் இறங்கின தெம்பில் அது துள்ளிக்கொண்டு ஓடியது. அவசரத்துக்குப் போய்வர மிட்வைஃபுக்கு லைசென்ஸ் இருந்தால் நல்லது என்று டிரெஸ்ஸர் ஐயா துரையிடம் சொல்லிவைக்க, முத்தையா அண்ணன் எனக்கு ஓட்டச் சொல்லிக் கொடுக்க வந்தார். உண்மையான கார்! கிளட்ச் எது, கியர் எது என்று எனக்கு எல்லாம் தெரியும். எத்தனை காருக்கு நான் அதையெல்லாம் ஒட்டியிருக்கிறேன்!

தெரிந்து என்ன செய்வது? என் கார்களுக்கு எஞ்சின் உறுமாது. ரப்பர் மர வரிசைகளுக்கு நடுவே, சந்தோஷத்தில் கத்திக்கொண்டே போனேன். "மிதிங்க, மிதிங்க!" என்றார் அண்ணன். பிரேக் என்று நினைத்து வேறெதையோ மிதித்தேன். பாதையோரத்து மரத்தின் பட்டையை பம்பர் நீளமாகச் சீவிக்கொண்டு போய் நின்றது. ரப்பர் பால் பிடிக்க மரத்தில் கட்டியிருந்த கோப்பை உருண்டது. பட்டையிலிருந்து வெள்ளையாகப் பால் கசிந்தது. அண்ணன் இறங்கி காரைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், கோப்பையை எடுத்துப் பால் சொட்டுகிற இடத்தில் ஒழுங்காக வைத்தார். "ஒண்ணும் ஆவலை மிஸ்ஸி. இந்த மரத்துக்கு இன்னிக்கி வெட்டுப் போட்டாச்சுன்னு பால்வெட்டு கணக்குப் பாக்கற மண்டோர்கிட்ட சொல்லிடறேன்."

லைசென்ஸ் வாங்குவதற்குள் இன்னும் சில மரங்களுக்கு வெட்டுப் போட்டேன் என்றாலும், நானே கட்டிய கார் எதையும் இன்றுவரை எதிலும் இடித்ததில்லை என்பதை மட்டும் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்.